முக்கோணத்துக்குள் மயில்

அண்ணியின் தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணியைக் கூட்டி அள்ளும்போதுதான் அது கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி இல்லை. முறத்தில் வாரியதைச் சாக்கில் கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முறம் நிறைய முக்கோணம். சிவப்பு, பச்சை, நாவல்பழ நிறம், சந்தன நிறம். சில நீளமாக, சில கட்டையாக, சில வெறும் மூக்கு மட்டும். சதுரமாக ஏதாவது இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தேன். நூல்கண்டு சுற்றிவந்த அட்டை ஒன்றுதான் கிடைத்தது.

"அண்ணி, இத்த பாருங்களேன். எல்லாமே முக்கோணம்."

"பாவாடை வெட்டினா முக்கோணம் விழாம ஜிலேபியா விழும்?" என்றார் அண்ணி, மிஷினை நிறுத்தாமலே.

அண்ணி கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குப் புடவைக்கு உள்ளே கட்டும் பாவாடை தைத்துக் கொடுப்பவர். கடையிலிருந்து பாப்ளின் உருளை உருளையாக வரும். ஒரு பாவாடைக்கு ஆறு துண்டு. ஒவ்வொன்றும் இடுப்புப் பக்கம் குறுகி, கால் பக்கம் அகன்று இருக்கும். ஒரு துண்டின் அகலப் பக்கத்தோடு அடுத்த துண்டின் குறுகல் பக்கம் வருகிற மாதிரி, ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக என்று மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டே போவார். அப்படி வெட்டினால் துணி வீணாகாது. உருளை முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் முறத்தில் இருந்தது.

நான் கணக்கு படிக்கிறேன், பி.எஸ்சி. வகுப்பில் முக்கோணம் என்றால் மூலைக்கு ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு கரும்பலகையில் நிற்கும் ஒரு படம். மணியடித்ததும் அழித்துவிடுவார்கள். அது எங்கள் வீட்டுத் தரையில், அதுவும் கலர் கலராக இறைந்து கிடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த முறத்தைக் கொட்டாமல் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். அதற்கப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லாமல் போனது.

கச்சிராயபாளையத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகக் கல்லூரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும். கரண்ட் கம்பம், அது சாயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு தரைக்கு வரும் கம்பி, கீழே தரை: முக்கோணம். எதிரே வருகிறவரின் சைக்கிள் நடுவே ஒரு முக்கோணம், அதற்குப் பின்னால் இன்னொன்று. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலைப் பொட்டலம். கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்புறம் சிவப்பாய் மின்னும் தகடு. பஸ் அணைப் பக்கமாகத் திரும்பினால் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு கல்வராயன் மலை. தியாகதுருகம் வழியாகப் போனால் அந்தக் கோட்டைமலை, உச்சி மழுங்கின முக்கோணம் மாதிரி. தோழி ஒருத்தி "இன்னாடி தனியா சிரிச்சிக்கினு வர்ற" என்று கேட்டாள். ஓர் ஆட்டைக் காட்டினேன். வேலிக்குள் புகுந்து பயிரை மேய்ந்துவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் மூன்று குச்சியை முக்கோணமாகக் கட்டி விட்டிருந்தார்கள். ஆடு அதைப் போட்டுக்கொண்டு ஏதோ நகை போட்ட மாதிரி நின்றது. தோழி ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

கோலத்தைக்கூட விடவில்லை. நேர்ப்புள்ளி வைத்தால் பக்கத்திலிருக்கும் புள்ளிகள் சதுரமாகச் சேரும். இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு புள்ளி வைத்து, இடைப்புள்ளியாக ஏறி ஏறிக் குறைந்தால் எங்கே தொட்டாலும் முக்கோணம். ஆறு முக்கோணம் சேர்ந்தால் நடுவில் பூ வந்துவிடும். இத்தனை வருஷம் வாசலில் நானே போட்டதுதான். ஒரு நாளும் எனக்கு அது தெரியவில்லை.

அண்ணனுக்கு இது பெரிய தமாஷ் ஆகிவிட்டது. அவர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். சாப்பிட உட்கார்ந்ததும் தோசையை நாலாய் மடித்து என் தட்டில் வைத்து, "இந்தா, உனக்கு முக்கோணம். வட்டமா வேணும்னா அண்ணிய கேளு" என்பார். தெருவில் யாராவது என்னைத் தேடி வந்தால், "முக்கோணம் உள்ள இருக்குது, போங்க" என்பார்.

நான் சும்மா இருப்பேனா? ஐஸ் குச்சி நாலை ஆணியடித்துச் சதுரமாக்கிக் காட்டினேன். ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்தது. மூன்று குச்சியை அடித்துக் காட்டினேன். அழுத்தினேன், இழுத்தேன், அசையவில்லை. "பாத்தீங்களா? முக்கோணம் மட்டும்தான் எப்பவும் தன் உருவத்தை விட்டுக் கொடுக்காது."

அண்ணி முறத்திலிருந்து ஒரு பாப்ளின் முக்கோணத்தை எடுத்து, சாய்வாக வெட்டிய பக்கத்தின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். அது மெள்ள நீண்டு, ஓரம் அலை அலையாக நெளிந்தது.

"இது விட்டுக் குடுக்குதே."

"அது துணி அண்ணி."

"முக்கோணம்தானே?"

குச்சிக்கு நீளம் மாறாது, துணியைக் குறுக்காகப் பிடித்தால் நீளமே மாறிவிடுகிறது, நீளம் மாறினால் முக்கோணம் எப்படி நிற்கும் என்று மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் யோசித்தேன். வந்து சொன்னதும் அண்ணி, "அதான் டெய்லருங்க கிராஸ் கட்டிங்குன்னு சொல்றாங்க. ரவிக்கை உடம்புல ஒட்டி நிக்கிறது அதனாலதான்" என்றார். இரண்டு பேருக்கும் திருப்தி.

இங்கே அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு ரவிக்கை, சுடிதார், குழந்தைச் சட்டை எல்லாம் தைக்கத் தெரியும். எலவனாசூர்கோட்டைப் பக்கம் அவர் பிறந்த ஊரில் முறையாகப் பழகியவர். ஆனால் கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஒரு பெண்கூட ஒரு ரவிக்கைத் துணியை அவர் கையில் கொடுத்ததில்லை. மிஷின் சத்தம் எல்லார் காதிலும் விழும். ஆனால் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கச்சிராயபாளையத்துக்குப் போவார்கள். "அது பாவாடை தைக்கிற பொண்ணு" என்பார்கள். தப்பாக இல்லை, சாதாரணமாகத்தான். அண்ணிக்கு அதுதான் வலித்தது. அளவெடுத்து, வெட்டி, ஓர் உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றைத் தைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பாவாடைக்கு அளவென்று ஒன்றுமில்லை. நாடாவை இறுக்கினால் முடிந்தது.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கோயில் தர்மகர்த்தாவும் பூசாரியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் மாரியம்மன் தேர் பெரியதில்லை. அடிப்பாகம் மரம். அது வருஷம் முழுக்கத் தகரக் கொட்டகையில் நிற்கும். மேலே கோபுரம் மாதிரி எழுகிற பாகத்தை ஒவ்வொரு ஆடியிலும் சவுக்குக் கழியும் மூங்கிலும் வைத்துப் புதிதாகக் கட்டி, அதன்மேல் தேர்ச்சீலையைப் போர்த்துவார்கள். எட்டுப் பட்டைக் கோபுரம். கீழே அகன்று, மேலே கலசத்தில் போய் ஒன்றாகச் சேரும். பழைய சீலையை எலி கடித்துவிட்டது. வழக்கமாகத் தைக்கிற தியாகதுருகம் டெய்லர் கையை விரித்துவிட்டார். ஆடியில் சுற்றுப்பட்டு ஊர்த் தேரெல்லாம் அவர் தலையில்தான்.

"ஏம்மா, மிஷின் வெச்சிருக்கியே, உன்னால இது முடியுமா?" என்று தர்மகர்த்தா கேட்டார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "தைக்கறங்க" என்றார்.

"இது பாவாடை இல்லம்மா."

"தெரியுங்க."

"நல்லா வரலன்னா பழசையே ஒட்டுப் போட்டு ஏத்திடுவோம். அப்புறம் மனசுல வெச்சிக்கக் கூடாது."

"வெச்சிக்க மாட்டங்க" என்றார் அண்ணி. அவர் கை தாவணிக்காரி மாதிரி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில் அவர் தைத்தது நிற்கப் போகிறது. நன்றாக வந்தால் அப்புறம் யாரும் அவரைப் பாவாடைக்காரி என்று சொல்ல முடியாது. வராவிட்டால் எப்போதும் அதுதான் பெயர்.

துணியைத் திருப்பூரில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் எடுத்துத் தருவதாக ஏற்பாடு. எவ்வளவு வேண்டும் என்று போனில் கேட்டார்கள். நான் தாளும் ஸ்கேலுமாக உட்கார்ந்தேன். எட்டு முக்கோணத்தையும் தனித்தனியாக வெட்டினால் துணியில் பாதி வீண். ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக என்று வைத்தால் பல்லும் பல்லும் கடித்துக்கொள்கிற மாதிரி சேர்ந்துவிடும். இரண்டு முனையில் மட்டும் பாதிப் பாதி மிஞ்சும். ஏறக்குறையப் பாதித் துணியில் வேலை முடிந்துவிடும். அண்ணியிடம் காட்டியதும், "நாம பாவாடைக்கு வெட்டறதும் இப்டித்தானே, அத்தயே சொல்லிடு" என்றார். அந்தக் கணக்கையே அனுப்பினோம். தர்மகர்த்தாகூட, "படிச்ச பொண்ணுன்னா இதான்" என்று அண்ணனிடம் சொன்னாராம்.

துணி வந்தது. குங்குமச் சிவப்பில் மஞ்சள் மயில்கள். ஒரு கரைப் பக்கம் தலை, மறு கரைப் பக்கம் கால், வரிசை வரிசையாக நின்றன. கொண்டுவந்த பையன், "இந்த டிசைன்ல இதான்க்கா கடைசி, இனிமே கேட்டாலும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணி பாவாடை வேலையை நிறுத்தினார். மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். சீலை முடிகிற வரைக்கும் வீட்டில் கவிச்சி கிடையாது என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்து, "உன் முக்கோணம் என் மீன் கொழம்பு வரைக்கும் வந்திட்டுது" என்றார்.

தரையைக் கழுவிக் காயவிட்டு, துணியை விரித்தோம். சாக்பீஸ் கோடு வெளியே தெரியக் கூடாது என்பதால் டெய்லர்கள் துணியின் உள்பக்கத்தில்தான் கோடு போடுவார்கள். நாங்களும் மயிலைத் தரையைப் பார்க்க வைத்துக் கவிழ்த்துப் போட்டோம். நான் கயிறு பிடித்து அளந்து கோடு போட்டேன். அண்ணி வெட்டினார். கத்தரி நிற்கவே இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. வீணே இல்லை. எட்டுத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு இரண்டு பேரும் காப்பி குடித்தோம். அப்படி ஒரு காப்பி நான் குடித்ததே இல்லை.

அண்ணன் ஆலையிலிருந்து வந்தார். கால் கழுவிவிட்டு வந்து, ஒரு துண்டை எடுத்து விரித்துப் பிடித்தார். கூர்முனை மேலே, அகலப் பக்கம் கீழே. நன்றாக இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதையும் அப்படியே பிடித்தார்.

"இன்னா இது, மயிலு வவ்வாலு மாதிரி தொங்குது?"

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போய்ப் பார்த்தோம். கூர்முனையை மேலே வைத்தால் மயில்கள் தலைகீழாக நின்றன. கால் வானத்தில், கொண்டை தரையில். அடுத்தது நேர். அதற்கடுத்தது தலைகீழ். பாப்ளினுக்கு மேல் கீழ் என்று எதுவும் கிடையாது. எப்படித் திருப்பினாலும் அது ஒன்றுதான். எத்தனையோ ஆயிரம் பாவாடை வெட்டிய கை, மயிலையும் பாவாடை மாதிரியே வெட்டிவிட்டது. நானோ துணியையே பார்க்கவில்லை. எனக்கு அது வெறும் பரப்பு.

"நாலு மயிலுக்கூட்டம் நேரா வருது, நாலு கூட்டம் சிரசாசனம் பண்ணிக்கினு வருது. ஆத்தா தேர் மேல யோகா கிளாஸ்" என்றார் அண்ணன்.

"நீங்க போயி சாப்பிடுங்க" என்றார் அண்ணி. அந்தக் குரலைக் கேட்டதும் அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனார்.

அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பாப்பா, பழசையே ஏத்திக்கங்கன்னு சொல்லிடலாமா?" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. தர்மகர்த்தா ஒன்றும் திட்டமாட்டார். "பாவாடை தைக்கிற பொண்ணுகிட்ட குடுத்தது நம்ம தப்பு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். அதைத்தான் தாங்க முடியாது.

"ஒரு நாள் இருங்க அண்ணி" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில், சுருங்கிவிடாமல் இருக்கட்டும் என்று தலைகீழ்த் துண்டு நாலையும் பின்கட்டுக் கொடியில் அகலப் பக்கத்தைப் பிடித்துக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார் அண்ணி. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கொடியில் மயில்கள் நேராக நின்றன. கூர்முனை கீழே ஆடிக்கொண்டிருந்தது.

"இப்டி தொங்கவிட்டா நேரா இருக்குது பாரு" என்றார் அண்ணி, துணியிடம் பேசுகிற மாதிரி.

"அண்ணி, தேருக்குக் கீழ் விளிம்புல சுத்தி தொங்கல் கட்டுவாங்க இல்ல?"

"கட்டுவாங்க. ஆனா இம்மாம் பெருசு தொங்கினா ஆத்தா மொகமே தெரியாது."

வாயில் நுரையோடு உள்ளே ஓடித் தாள் எடுத்து வந்தேன். இந்த ஒரு விஷயம் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தது. ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கத்துக்கும் நடுப்புள்ளி வைத்து, அந்த மூன்றையும் சேர்த்தால் உள்ளே நாலு சின்ன முக்கோணம் கிடைக்கும். நாலும் ஒரே அளவு, ஒவ்வொன்றும் பெரியதில் பாதி உயரம். தலைகீழ்த் துண்டை அப்படி வெட்டினால் மூன்றுக்கு முனை கீழே. நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்றுக்கு மட்டும் முனை மேலே. நாலிலுமே மயில் நேராக நிற்கும்.

அண்ணி தாளை வாங்கிப் பார்த்தார். "நாலு பெருசு. ஒவ்வொண்ணுல மூணு தொங்கல். பன்னண்டு. எட்டு பக்கத்துக்குப் பன்னண்டை எப்டி கட்டுவ? பக்கத்துக்கு ஒன்றரையா?"

அண்ணி தரையில் எட்டுப் பட்டையைச் சாக்பீஸால் வரைந்தார். ஒவ்வொரு மூலையிலும் ஒரு தொங்கல் வைத்தார். எட்டு போயிற்று. மீதி நாலு. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம், நடுவில் ஒவ்வொன்று வைத்தார். சின்னதின் அகலம் பெரியதில் சரிபாதி என்பதால் மூலைத் தொங்கல் இரண்டுக்கும் நடுவில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அது வராத பக்கங்களில் நடுவில் ஒரு வாசல் மாதிரி இடைவெளி.

"முன்பக்கம் அந்த வாசல் வரணும்" என்றார் அண்ணி. "ஆத்தா பாக்கறதுக்கு."

கோபுரத்தில் காலியாகிவிட்ட நாலு பட்டைக்கு என்ன செய்வது என்று நான் கேட்பதற்குள் அவர் பீரோவைத் திறந்தார். கடை உருளைகளுக்குப் பின்னால், தன் சொந்தத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் பாப்ளின் உருளை இருந்தது. எப்போதாவது தனியாகத் தைத்து விற்கலாம் என்று வைத்திருந்தது. மயில் போட்ட சிவப்புப் பட்டை ஒன்று, வெறும் மஞ்சள் பட்டை ஒன்று. ஒவ்வொரு மஞ்சள் பட்டையின் நடுவிலும், மிச்சமிருந்த முனை மேலே பார்க்கும் சின்ன முக்கோணம் ஒவ்வொன்று. எண்ணிப் பார்த்தோம். நாலு பட்டை, நாலு துண்டு. ஒன்றும் மிஞ்சவில்லை.

தைக்க ஆரம்பித்ததும் துணி மறுபடி வம்பு செய்தது. இரண்டு முக்கோணத்தின் சாய்வுப் பக்கத்தை ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் கீழே வருவதற்குள் இழுபட்டு நீண்டு, தையல் பாம்பு மாதிரி நெளிந்தது. பிரித்துத் தைத்தோம். மறுபடி நெளிந்தது. "உன் குச்சி இருந்தா நல்லாருக்கும்" என்றார் அண்ணி. குச்சியைத் தைக்க முடியாது, ஆனால் நீளாத ஏதாவது ஒன்றை உள்ளே வைத்துத் தைக்கலாம் இல்லையா என்று நான் இழுத்தேன். அண்ணி மிஷின் டிராயரைத் திறந்து பாவாடை நாடாக் கட்டு ஒன்றை எடுத்தார். தையலுக்குள் நாடாவை வைத்து ஓட்டினார். சீலை நெளியாமல் நேராக இறங்கியது. எட்டுத் தையலுக்கும் நாடா.

தேர் கட்டுகிற கொட்டகைக்குச் சீலையை எடுத்துப் போனபோது தர்மகர்த்தா, பூசாரி, மூங்கில் கட்டுகிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். விரித்துக் காட்டினோம். தர்மகர்த்தா மயிலைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் மஞ்சள் பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது இன்னா துணி?"

"பாப்ளினுங்க" என்றார் அண்ணி.

"பாவாடை தைக்கிறதா?"

அண்ணி ஒளிக்கவில்லை. "ஆமாங்க. ஆனா இது புது உருளைங்க. இன்னும் ஒண்ணுகூட வெட்டல."

மூங்கில் கட்டுகிறவர்களில் ஒருவர் மேலேயிருந்து சிரித்தார். தர்மகர்த்தாவின் முகம் இறுகியது. "சாமி தலைக்கு மேல இத்த ஏத்தறதாம்மா?"

ஏதாவது பேசலாம் என்று பார்த்தால் என் கணக்கில் இதற்கு இடமே இல்லை. பூசாரிதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"யார்னா உடுத்தினதா இது?"

"இல்லீங்க."

"உருளையா வந்தா அது கோடித் துணி. வெட்டி, நாடா கோத்து, ஒரு பொம்பள கட்டினாத்தான் பாவாடை. நம்ம வேட்டியும் மில்லுல இருந்து வரும்போது வேட்டியா வருது? துணியாத்தானே வருது." தர்மகர்த்தாவைப் பார்த்தார். "கோடின்னா நாலு மூலையிலும் மஞ்சள் வெச்சா தீந்துது. கொண்டாங்கடா மஞ்சள."

மஞ்சள் கரைத்த சொம்பு வந்தது. பூசாரி ஒரு மஞ்சள் பட்டையைப் பிடித்து, கீழ்மூலை ஒன்றில் வைத்தார், இன்னொன்றில் வைத்தார், உச்சியில் வைத்தார். விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலாவது மூலை எங்க?"

கொட்டகையே சிரித்தது. "முக்கோணத்துக்கு மூணுதாங்க" என்றேன், ரொம்பச் சின்னக் குரலில்.

"அப்ப நாலாவது?"

"அது பக்கத்து பட்டையோட மூலைங்க" என்றார் அண்ணி. "சேத்து தெச்சிட்டோம் இல்லீங்களா. அதுலயும் வெச்சிடுங்க."

பூசாரி யோசித்தார். தர்மகர்த்தாவும் யோசித்தார். பிறகு பூசாரி எட்டுப் பட்டையின் மூலைகளுக்கும் சுற்றி மஞ்சள் வைத்துக்கொண்டே போனார். மயில் பட்டையிலும் சேர்த்துத்தான். சிவப்பில் மஞ்சள் நன்றாகவே இருந்தது. முடிந்ததும் தர்மகர்த்தா அண்ணியைப் பார்க்காமல் மேலே இருந்தவர்களைப் பார்த்து, "இன்னா நிக்கிற, ஏத்து" என்றார்.

தேரன்றைக்கு ஆடிக் காற்று சும்மா விடவில்லை. தெருமுனை திரும்பும்போது கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. சீலை காற்றை வாங்கிப் புடைத்து, அப்புறம் மூங்கிலோடு ஒட்டியது. ஒரு தையலும் விடவில்லை. உள்ளே மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்த இடமெல்லாம் முக்கோணம். மேலே போர்த்தியதும் முக்கோணம். ஒன்று விட்டுக் கொடுக்காமல், ஒன்று விட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தன. முன்பக்கத்து வாசலில் அம்மன் முகம் தெரிந்தது. அண்ணி கும்பிட்டார். அவர் கண் அம்மன் முகத்தில் இல்லை, மேலே தையலில் இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

பக்கத்தில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள். "இந்த வருசம் மயிலு வந்து உக்காந்திருக்குது." "தியாகதுருகத்துல தெச்சதா?" "இல்லியாம், நம்ம டிராக்டர்காரர் பொண்டாட்டி." "அதுவா? அது பாவாடை தைக்கிற பொண்ணாச்சே." "அதான் இத்தயும் தெச்சிருக்குது."

தேர் நிலைக்கு வந்த மறுவாரம் எதிர் வீட்டு அக்கா ஒரு மஞ்சப் பையோடு வந்தார். உள்ளே ஒரு பட்டு ரவிக்கைத் துணி. "அளவு ரவிக்கை இதுலயே இருக்குது. கழுத்து மட்டும் கொஞ்சம் எறக்கிடு." அண்ணி அதை வாங்கி, "வெச்சிட்டுப் போங்க, பாக்கறன்" என்றார், ஏதோ தினமும் நடக்கிற மாதிரி. அக்கா தெருவைத் தாண்டியதும் துணியை விரித்து, முதல் வேலையாக மேல் எது கீழ் எது என்று பார்த்தார். அண்ணன் அன்றைக்கு மீன் வாங்கி வந்தார்.

அந்தப் பைக்குப் பின்னால் இன்னும் சில பைகள் வந்தன. ஆனால் எனக்கு இப்போது தூக்கம் கெடுவது வேறொன்றால். தேர் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்தவர்களில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் சீலையைத் தைத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர்கள் ஊர்ச் சாமிக்கு ஒரு குடை இருக்கிறதாம். கம்பிகள் நன்றாக இருக்கின்றன, துணி நைந்துவிட்டது. "புதுசா தெச்சுத் தர முடியுமாங்க?" என்றார். இந்தத் தடவை அண்ணி உடனே சரி சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்றங்க" என்றார்.

போன ஞாயிறு அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். அண்ணி வழியெல்லாம் தலைசுற்றி என் தோளில் சாய்ந்திருந்தார். குடையைப் பார்த்ததும் தெளிந்துவிட்டார். விரித்துப் பிடித்தால் அதுவும் முக்கோணங்கள்தான், உச்சியில் போய்ச் சேருகின்றன. சுலபம் என்று நினைத்தேன். அங்கேயே செய்தித்தாளில் நேர்க்கோட்டு முக்கோணம் வெட்டி, ஒட்டி, மேலே போர்த்திப் பார்த்தோம். குடையில் உட்காரவில்லை. புனல் மாதிரி கூராக நின்றுகொண்டு, கம்பி வளைகிற இடத்தில் கிழிந்தது. தேரின் கழி நேராகப் போகிறது. குடையின் கம்பி வயிறு தள்ளிக்கொண்டு வளைகிறது. அதன் முக்கோணத்துக்குப் பக்கமெல்லாம் நேர்க்கோடாக இருக்க முடியாது.

"கொஞ்சம் தொப்பை போட்ட முக்கோணம்" என்றார் அண்ணி.

எவ்வளவு தொப்பை, எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி. வரும் ஞாயிறு மறுபடி மலைக்குப் போகிறோம். இந்தத் தடவை நூல்கண்டு ஒன்றும் அண்ணனின் பழைய வேட்டி ஒன்றும் எடுத்துக்கொள்கிறோம். குடையை விரித்து வைத்து, உச்சியிலிருந்து சாண் சாணாக இறங்கி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கம்பிக்கு நடுவில் எவ்வளவு அகலம் என்று நூலால் அளந்து வேட்டியில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் ஏதோ ஒரு வளைகோடு வரும். அது என்ன கோடு என்று எனக்குத் தெரிய வேண்டும். அண்ணிக்கு அது குடையில் உட்கார்ந்தால் போதும். முதலில் ஒரே ஒரு துண்டை வெட்டிப் பொருத்திப் பார்ப்பதாக இருக்கிறோம்.